அரக்குச் சிவப்பு

நாஹா நகரில் இளவேனில் முதிர்ந்திருந்தது. கல்யாண முருங்கைகள் இலை துறந்து, கிளைதோறும் செம்மலர் ஏந்தி நின்றன. முன்னோர் கல்லறைகளுக்குப் படையல் சுமந்து செல்லும் மாதம் அது. மழை இன்னும் இறங்கவில்லை. கடலும் குரல் தாழ்த்திக் கிடந்தது.

அஞ்சல்தலை ஆய்வுக்குழுவின் மேசைமீது முதியவர் அகாமினே ஒரு பழைய அஞ்சல்தலையை வைத்தார். காலஞ்சென்ற மீனவர் சேய்ஜுன் பழைய கடிதக்கட்டில் கண்டெடுத்தது. முகத்தில் பழைய விலைமேல் புதுவிலை சிவப்பு மையில் தலைகீழாக அச்சாகியிருந்தது. முதுகில், முப்பது ஆண்டுகளுக்கு முன் குழு குத்திய 'போலி' முத்திரை கறுத்திருந்தது.

"நாலாவது தடவ வர்றீங்க, ஐயா" என்றார் குழுத்தலைவர் யோனஹா, அவர் அமரும்வரை தாம் அமராமல். "நாற்காலியே தேஞ்சுபோச்சு."

"தேஞ்சா பாய் போடுங்க. 'அசல்'னு எழுதற வரைக்கும் வருவேன்."

"இந்தச் சிவப்பு அன்னைக்கு அச்சடிச்ச மையே இல்லன்னு அப்பவே தீர்ப்பாயிடுச்சு. அத எழுதினவர்கிட்டதான் நாங்கல்லாம் பாடமே படிச்சோம். அவர் எழுத்த எப்படி அடிக்கறது?"

"அவர் என்ன கடவுளா? அன்னைக்கு அவர் பார்த்தது அஞ்சே நிமிஷம். நூடுல்ஸ் ஆறிடும்னு அவசரம்."

"இது வெளிய தெரிஞ்சா அவர் பேரு நாறிப்போகும், ஐயா."

"நாறட்டும்! சாகற வரைக்கும் சேய்ஜுனைப் புளுகன்னு ஊரே சிரிச்சுதே, அது மட்டும் மணந்துச்சா?"

யோனஹா அஞ்சல்தலையைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அகாமினே பழுப்பேறிய ரசீது ஒன்றை நீட்டினார். "இத அச்சடிச்சப்ப புயல்ல கப்பல் வரல. அச்சகத்துல மை தீந்துபோச்சு. கிண்ணத்துக்கு அரக்குப் பூசற பட்டறையில ஒரு டப்பா சிவப்பு வாங்கிக் கலந்திருக்காங்க. தேதியப் பாருங்க. தபால்தலைய மை பார்க்கற கருவியில வைங்க. முடிவு தெரியாம இன்னைக்கு நான் எழுந்திரிக்க மாட்டேன்."

வைத்தார்கள். சிவப்புக்குள் அரக்கு இருந்தது. மாலைக்குள் சான்றிதழ் தயாரானது: 'அசல். இதுவரை அறியப்பட்ட ஒரே பிரதி. மதிப்பு, ஒன்றரைக் கோடி யென்.'

மறுநாள் காலை, ஆமை முதுகு போன்ற கல்லறையின் முன் சேய்ஜுனின் மனைவி நாபே பாய் விரித்துப் படையலுடன் அமர்ந்திருந்தாள். அகாமினே சான்றிதழைக் கல்லின்மேல் வைத்தார், ஊதுபத்தி ஏற்றினார், மண்ணில் நெற்றி பட வணங்கினார். நெடுநேரம் எழவில்லை.

நாபே குனிந்து அவருடைய வலக்கையைப் பற்றினாள்.

"போதும், எழுந்திரிங்க. நம்ம ஊர் வழக்கப்படி தொண்ணூத்தேழு வயசு விழாவுல, திரும்பக் குழந்தையாகிக் காத்தாடி சுத்தற வரைக்கும் நல்லா இருக்கட்டும், அன்னைக்குப் போலின்னு முத்திரை குத்தின இந்தக் கை!"