நடந்து போன கொக்கு

காட்டு அரசாங்கத்தில் கொக்குதான் பாலப் பொறியாளர். ஆற்றில் இறங்கி, அசையாமல் நின்று ஆழம் பார்க்க வேறு யாருக்கும் வராது. முப்பது வருஷத்தில் பதினொரு பாலம் கட்டியது. ஒவ்வொன்றும் முடிகிற சமயத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிடும். திறப்பு விழா நடக்கும்போது கொக்கு வேறொரு ஆற்றில் தனியாக நின்றுகொண்டிருக்கும்.

பன்னிரண்டாவது பாலம் முடிந்தபோது ஓய்வு உத்தரவு வந்தது. அதனால் முதல்முறையாகத் திறப்பு விழாவைப் பார்த்தது. நரி அமைச்சர் ரிப்பன் வெட்டினார். கூட்டம் முண்டியடித்துக்கொண்டு அக்கரைக்கு ஓடியது. கொக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு கிழட்டு வெள்ளாடு தயங்கித் தயங்கி வந்தது.

"ஐயா, இது தாங்குமா? அக்கரையில கட்டிக்குடுத்த மகளைப் பாத்து நாலு வருஷமாச்சு."

"தாங்கும்மா. நான் கட்டினதுதான்."

"நீங்க நடந்து பாத்தீங்களா?"

தான் கட்டிய எந்தப் பாலத்திலும் கொக்கு நடந்ததே இல்லை. அக்கரையில் அதற்கென்று யாரும் இருந்ததுமில்லை.

"இல்லம்மா. உங்களோட நானும் வரட்டுமா?"

"வாங்க. ஆனா நான் மெதுவாத்தான் நடப்பேன்."

"எனக்கும் அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு, கொக்கு சிறகை மடக்கிக்கொண்டு ஆட்டின் பக்கத்தில் நடந்தது.