வேலிச் சண்டைக் காட்சி

ஜெயரூபன் நாவலைப் படமாக்கப்போகிறான் என்றதும் நாவலாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. படப்பிடிப்பைப் பார்த்த பிறகு மனிதர் போனையே எடுப்பதில்லை. பாவம், நாவலில் நூறு பக்கம் யோசிக்கிற நாயகி, படத்தில் கிணற்றடியில் ஆடினாள். பக்கம் பக்கமாகப் பெய்த மாரி மழையும் தண்ணீர் லொறி கிடைக்காததால் வெயிலாகிவிட்டது.

மாறாமல் மிஞ்சியது கொலை ஒன்றுதான். அந்தக் காலத்தில் எல்லை வேலிக்காகச் சொந்த மச்சானையே வெட்டிச் சாய்த்த, வயல் காணி நிறைய வைத்திருந்த பெரிய கமக்காரரின் கதை. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் உண்மையாகவே நடந்தது என்பார்கள்.

அந்தக் காட்சி இருந்த மெமரி கார்டைத்தான் இப்போது காணவில்லை. வேறு பிரதியும் கிடையாது. கமக்காரராக நடித்தவரோ மீசையை வழித்துவிட்டு லண்டனுக்குப் பறந்துவிட்டார். கொலை இல்லாவிட்டால் படமே இல்லை. ஜெயரூபனுக்கு அழுகை வந்தது.

கார்டை எடுத்தவர் யாரென்று மூளையைக் கசக்க வேண்டியதில்லை. கொலைகாரரின் பேரப்பிள்ளை தம்பிராசா, நேற்று முழுக்க வேலியோரம் நின்று படப்பிடிப்பைப் பார்த்தவர், முகம் கறுத்துப்போய்த்தான் திரும்பினார்.

"பொலிசுக்குப் போவமே, அண்ணை?" என்றாள் உதவி இயக்குநர் தர்சினி.

"வேண்டாம். அந்தாளுக்கும் மானம் ரோசம் இருக்குந்தானே. நான் கதைச்சுப் பாக்கிறன்."

தம்பிராசா தன் வீட்டு விறாந்தையில்தான் இருந்தார். கார்டை ஒளிக்கக்கூட இல்லை. மேசையில் கிடந்தது.

"ஓம், நான்தான் எடுத்தனான். வேணுமெண்டால் பொலிசிலை பிடிச்சுக் குடுத்து மறியலுக்கு அனுப்பும். கனடாவிலை இருக்கிற எங்கடை சனம் முழுக்க உந்தப் படத்தைப் பாக்கப் போகுது. அப்பப்பாவின்ரை மரியாதை என்னாகிறது?"

ஜெயரூபனுக்கு மனம் இளகிவிட்டது. கலையாவது, மண்ணாங்கட்டியாவது!

"கோவிக்காதேங்கோ, ஐயா. கொலையையே தூக்கிவிடுறன். மச்சான் பாம்பு கடிச்சுச் செத்ததெண்டு மாத்துவம்."

நாவலாசிரியர் பக்கத்தில் இருந்திருந்தால் இன்னொரு சாவும் விழுந்திருக்கும்.

தம்பிராசா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பாம்போ? உமக்கென்ன விசரே?"

"பின்னை என்ன செய்யச் சொல்லுறியள், ஐயா?"

"எங்கடை அப்பப்பா ஒரே வெட்டிலை விழுத்தின மனிசன், ஐசே, உம்மடை ஆள் மூண்டு வெட்டு வெட்டியும் மச்சான் நிண்டு வசனம் கதைக்கிறான், திருப்பி எடும்!"