டெல்பர்ட் சொல்லும் ட்ரிம்மர்

"முதல்ல ஒண்ணு சொல்லு தம்பி. நீ தோட்டாக் கூட்டைத் தோள்லேர்ந்து அளக்கிற ஆளா, அடியிலேர்ந்து அளக்கிற ஆளா?" என்றார் டெல்பர்ட்.

ஓரினுக்குத் தலை சுற்றியது. மார்லிஸின் துப்பாக்கிக் கடைக்கு அவன் வந்தது ஒரு ட்ரிம்மர் வாங்க. திரும்பத் திரும்பச் சுட்டால், தோட்டாவின் பித்தளைக் கூடு வாய்ப்பக்கம் கொஞ்சம் நீளும். அதை வெட்டிச் சரிசெய்த பிறகுதான் வீட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்ப முடியும். வெட்டுகிற சாமான் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

கடைகளில் புதுக் கூடு வந்து மாதக்கணக்காகிறது. கையிலிருந்த பழைய கூடுகளை நம்பித்தான் சனிக்கிழமை கிளப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். இந்த வருஷமாவது மைத்துனனை முந்தாவிட்டால் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழி தொண்டையில் இறங்காது.

"கையால சுத்துறதே போதும்னு நினைச்சேன்..."

"கையாலயா? நாலு கூடு வெட்டறதுக்குள்ள மணிக்கட்டு போயிடும். கை நடுங்கினா வெட்டும் நடுங்கும்."

"அப்ப மோட்டார் வச்சது?"

"அது அவசரக்காரன் சாமான். அசந்தா கூடு குட்டைப்பாவாடை ஆயிடும்."

"தோளை வச்சு அளக்கிறதுன்னு ஒண்ணு..."

"தோளே கோணலா இருந்தா?"

ஓரின் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"டெல்பர்ட், நீ ட்ரிம்மர் சொல்றியா, பிரசங்கம் பண்றியா?" என்றாள் மார்லிஸ், காபியைக் கீழே வைக்காமலே. "உன்கிட்ட யோசனை கேட்டவன் ஒருத்தனாவது என்கிட்ட ட்ரிம்மர் வாங்கியிருக்கானா?"

டெல்பர்ட் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் தொப்பி நிறையப் பதக்கங்கள். இந்த வயதிலும் கண்ணாடி போடாத கண் என்பது மொன்டானா முழுக்கத் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார்.

"கூட்டைக் காட்டு."

ஓரின் பையைத் திறந்தான். மைதானத்தில் அடுத்தவன் கூட்டோடு கலந்துவிடக் கூடாதென்று, அவன் மனைவி ஒவ்வொரு கூட்டின் அடிப்பள்ளத்திலும் தன் ஊதா நகப்பூச்சில் கடுகளவு பொட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்துக் கேலி செய்வாரோ என்று ஓரினுக்குக் கூச்சம். டெல்பர்ட் ஒரு கூட்டை கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். நல்லவேளை, பொட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுச் சுரண்டினார்.

"கேட்டுதா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான் ஆபத்து. சத்தம் போடாத விரிசல். இதைப் போய் வெட்டி, மருந்தை நிரப்பிச் சுட்டியோ, மூஞ்சியிலேயே வெடிக்கும். கண்ணு வேணுமா, கூடு வேணுமா?"

ஓரினுக்குக் கண் வேண்டியிருந்தது.

"என்னைப் பாரு. ஒரு தடவை சுட்ட கூட்டைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. புதுசு மட்டும்தான்."

"புதுசு எங்க கிடைக்குது?"

"எனக்கு வர்ற வழி தனி." டெல்பர்ட் தன் வண்டியிலிருந்து ஒரு வாளியை எடுத்துவந்து நீட்டினார். "இதுல கொட்டு. சர்ச் கூரைக்காகப் பழைய பித்தளை சேர்க்கிறேன். புண்ணியமாவது மிஞ்சும்."

கூடுகள் கலகலவென்று விழுந்தன. தோளா, அடியா என்பது கடைசிவரை விளங்காமலே ஓரின் வெறுங்கையோடு வீடு போனான்.

சனிக்கிழமை போட்டியில் அவன் பெயரை அடித்துவிட்டு, டெல்பர்ட்டுக்குப் பின்னால் நின்று குறிப்பலகை பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

"என்ன மாப்ளே, கூடில்லாத நத்தையாயிட்ட?" என்று மைத்துனன் வேறு முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

டெல்பர்ட் துப்பாக்கியோடு குப்புறப் படுத்தார். மூச்சை அடக்கினார். சுட்டார். நட்டநடுப் புள்ளி. கூட்டம் கைதட்டியது. அவர் மிடுக்காகத் துப்பாக்கியின் போல்ட்டை இழுக்க, சுட்ட கூடு துள்ளி வந்து ஓரினின் பூட்ஸ்மேல் விழுந்தது.

ஓரின் அதை எடுத்து, சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றி, உருட்டிப் பார்த்தான். வாய்ப்பக்கம் வெட்டு அத்தனை சுத்தம், பிசிறே இல்லை. இன்னும் கொஞ்சம் உருட்டினான். அடிப்பள்ளத்தில் கடுகளவு ஊதா.

அவன் டெல்பர்ட்டின் காதருகே குனிந்தான்.

"இந்தக் கூட்டை எந்த ட்ரிம்மர்ல வெட்டுனீங்க, டெல்பர்ட்? நானும் அதையே வாங்கிக்கிறேன்."