முச்சந்தியில் கழற்றிய பலகை

"சார், கல் சுவர் ஓரமா ஒரு பெரிய சிவப்பு மேப்பிள் மரம் நிக்குமாமே... அதுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

காரிலிருந்து எட்டிப் பார்த்தவனின் கழுத்தில் கேமரா தொங்கியது. ஆரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இவன் பதினேழாவது ஆள்.

"ஏன் தம்பி, உங்க ஊர்ல மரமே முளைக்காதா?"

"இவங்க அந்த மரத்தடியில நின்னு ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கணும்னு ஆசைப்படறாங்க சார்." பின்சீட்டைக் காட்டினான். கம்பளித் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, போர்வைக்குள் ஒரு உருவம் தூங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் குளிர்ல ஒரு கிழவியை இழுத்துக்கிட்டு வந்திருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

அவன் பின்னால் கையை நீட்டிப் போர்வையைச் சரிசெய்தான்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மலையில் அக்டோபர் வந்தால், உதிருமுன் சிவக்கும் இலைகளைப் பார்க்க ஊரே திரண்டு வரும். இரண்டு வருஷத்துக்கு முன் ஆரின் வீட்டு மேப்பிள் மரம் ஏதோ ஒரு காலண்டரில் வந்து தொலைத்தது. அன்றோடு நிம்மதி போயிற்று. வாசலை அடைத்துக் கார்கள், தோட்டமெல்லாம் செருப்புக் கால்கள். வழி கேட்டால் ஊரில் பாதிப் பேர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். ஆரின் மட்டும் அந்தப் பாவத்தைச் செய்ததில்லை.

இந்த வருஷம் கதை வேறு. மகள் லிடியா கடிதம் போட்டிருந்தாள், அம்மாவுக்கு. 'இலை உதிர்வதற்குள் ஒருமுறை வந்து போகிறேன்.'

"அவனைக் கட்டிக்கிட்டா இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அவளை விரட்டியவர் ஆரின்தான். ஒன்பது வருஷம். மாப்பிள்ளையின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. விரட்டிய வாயால் வா என்று கூப்பிட வெட்கம். உள்ளுக்குள் மட்டும் தினமும் செத்துக்கொண்டிருந்தார்.

இன்று ராத்திரி பெருங்காற்று அடிக்குமாம். நாளை மரத்தில் ஓர் இலை இருக்காது. அப்படியென்றால் இன்றுதான் கடைசி நாள். மகள் ரோஷக்காரி. வாசலில் கூட்டத்தைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அதனால்தான் விடிந்ததும் மரத்துக்கு வழிகாட்டும் பலகையை முச்சந்தியிலிருந்து கழற்றிப் புதரில் வீசிவிட்டு, அவளுடைய பழைய பச்சை வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"பாலத்தைத் தாண்டி இடது பக்கம் போ. நாற்பது மைல் ஏறணும்," என்றார் ஆரின், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"அவ்வளவு தூரமா? கிட்டத்துலதான்னு சொன்னாங்களே..."

"சொன்னவங்களையே போய்க் கேளு!"

கார் பாலத்தைத் தாண்டி மறைந்தது.

பச்சை வண்டி வரவேயில்லை. சாயங்காலம் காற்று எழுந்தது. ஆரின் வீடு திரும்பியபோது வாசலில் ஈ காக்கை இல்லை. மரம் பாதி மொட்டையாகியிருந்தது. மேஜையில் மகளுக்காகச் சுட்ட ஆப்பிள் பை பலகாரம் வெட்டப்படாமல் ஆறிக் கிடக்க, மனைவி வேரா டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வரலை வேரா. அவ என்னை மன்னிக்க மாட்டா."

"வந்தா, ஆரின்." வேராவின் குரல் உடைந்தது. "இப்பத்தான் மாப்பிள்ளை போன் பண்ணார். வழி சொல்ல அவளுக்கு மருந்து மயக்கத்துல கண்ணே திறக்கலையாம். மலையெல்லாம் சுத்தியும் மரம் கிடைக்கலையாம். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு, ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போறோம்னார்."

"ஆஸ்பத்திரியா?"

"புத்துநோய். தலையில ஒரு முடி இல்லையாம். இன்னைக்கு ஒரு நாள்தான் வெளிய விட்டாங்க. இன்னொரு தடவை அவளால வர முடியாது."

"நம்ம வீட்டைக் கேட்டிருந்தா யாராவது சொல்லியிருப்பாங்களே!"

"பேரைச் சொன்னா நீ வாசல்லயே விரட்டிடுவேன்னு பயந்தா. அதனால காலையில மாப்பிள்ளை போன் பண்ணப்ப நான்தான் சொன்னேன், 'மரத்தை மட்டும் கேளுங்க... முச்சந்தியில ஒரு பெரியவர் நிப்பார், அவர் பொய் சொல்ல மாட்டார்'னு."