கண்ணாடிக் கடல்

ஒரு ஜெர்மன் சண்டை விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, தோணி மாதிரி இரண்டு மிதவைகளை மாட்டி, துறைமுகத்துக்குக் காவலாகக் கடலில் இறக்கினார்கள். மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி, மூக்கில் இரண்டு துப்பாக்கி! பார்த்த சின்ன அலைக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, அண்ணே!" என்று ஓடிப்போய் மிதவையைத் தொட்டது.

"தள்ளிப் போடா, பொடிப்பயலே! நான் கிளம்புற வழி கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்று விமானம் எரிந்து விழுந்தது.

அலை அடங்கிப் படுத்துக்கொண்டது. விமானம் உறுமிக்கொண்டு ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. வழவழத்த தண்ணீர் மிதவைகளைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அதற்குள் எதிரி விமானம் துறைமுகத்தை நெருங்கிவிட்டது.

அலைக்குப் பொறுக்கவில்லை. ஒரே பாய்ச்சலில் எழுந்து மிதவையின் அடியில் ஓங்கி ஓர் உதை விட்டது. தண்ணீரின் பிடி விட்டுப்போய், விமானம் விருட்டென்று வானத்தில்! எதிரி வந்த வழியே ஓட்டம் பிடித்தான்.

வெற்றியோடு வந்து இறங்கிய விமானத்தைக் கடற்காகம் சுற்றிச் சுற்றி வந்தது. "அடேயப்பா! எப்படி எழும்பினீங்க?"

தன் பேர் வரும் என்று அலை தலையைத் தூக்கிக் காத்திருந்தது.

"அதை ஏன் கேட்கிறே? அந்தப் பொடிப்பயல் மட்டும் குறுக்கே விழாம இருந்திருந்தா, இன்னும் சீக்கிரமே எழும்பியிருப்பேன்!"