வந்தாச்சு

"நான் வந்தாச்சு. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே."

சத்ரியோ நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் அனுப்பிய இந்தச் செய்தியைப் படித்திருந்தால் மெராபி எரிமலையே புகை கக்கிச் சிரித்திருக்கும். யோக்யகர்த்தா இளசுகளின் அகராதியில் 'வந்துட்டிருக்கேன்' என்றால் இன்னும் குளிக்கவில்லை. 'வந்தாச்சு' என்றால் சட்டை தேடுகிறான். லிந்தாங்கும் சிரித்துவிட்டு, நிதானமாகத் தலை உலர்த்திக்கொண்டுதான் கிளம்பினாள். இப்போது காப்பிக்கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துகிறாள். சாய்ந்த வெயில் ஒரு மேசையில் மட்டும் விழுகிறது. அதன்மேல் மூன்று குவளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்: சத்ரியோ, லிந்தாங், வெனிங். சத்ரியோவுடையது காலி. மற்ற இரண்டில் பனிக்கட்டி கரைந்து, பனைவெல்லம் அடியில் கறுத்துக் கிடக்கிறது. வேர்த்த குவளையில் 'லிந்தாங்' என்ற எழுத்தின் மை ஒழுகுகிறது.

"எங்கண்ணே அவன்?"

கடைக்காரர் கீத்தோ துணியைப் பிழிகிறார். "வாசலையே பாத்துட்டிருந்தான்மா. ரயிலுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போனான். ஜப்பான்ல மூணு வருஷ வேலையாமே?"

தெருக்கோடியில் ரயில்வே கேட் மணியடிக்கிறது. ஜகார்த்தா ரயில் தடதடத்துப் போகிறது. ஜன்னல்களெல்லாம் வெயில் பட்டு மின்னுவதால் உள்ளே ஒரு முகமும் தெரியவில்லை. லிந்தாங் உயர்த்திய கை பாதியில் நிற்கிறது. அலைபேசி அடிக்கிறது. வெனிங்.

"வந்துட்டிருக்கேன்டி." பின்னால் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். "அந்தப் புளுகன் வந்தானா?"

லிந்தாங் அந்தக் காலிக் குவளையை நகர்த்தி வைக்கிறாள்.

"வந்தான்டி. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்திருக்கான்."