இழுப்பறையில் இரண்டு ஓட்டு

இரண்டு கவர்களையும் வாங்கி தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினான் பத்மநாதன். எதிரே மேனேஜர் ஹால்வர்சனும் அவர் மனைவியும் போலீஸ்காரர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சாவி உன்னிடமே இருக்கட்டும், பத்மன். தேர்தல் முடிகிறவரைக்கும் திறக்கக் கூடாது" என்றார் அந்த அம்மா, ஆங்கிலத்தில். ஹால்வர்சனும் தலையாட்டினார்.

அது 1984 அக்டோபர் முதல் வாரம். பர் துபாயில் தண்ணீர்ப் பம்பு விற்கிற கம்பெனி. ஹால்வர்சன் தம்பதிக்கு அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம். ஜனாதிபதித் தேர்தலுக்கு அங்கிருந்து இருவருக்கும் தபால் ஓட்டு வந்திருந்தது. இருக்கிற ஜனாதிபதியே திரும்ப வர வேண்டும் என்பார் ஹால்வர்சன். அந்த அம்மாவுக்கோ எதிர்த்து நிற்கிறவர்தான் உயிர். எதிர்த்து நிற்கிறவரும் மின்னசோட்டாக்காரர்.

மூன்று மாதமாக வீட்டில் நடந்த சண்டை, அந்த அம்மா வரும்போதெல்லாம் ஆபீசிலும் நடந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இவர் ஓட்டு ஒரு பக்கம், அவர் ஓட்டு மறுபக்கம். ஒன்றை ஒன்று அடித்துவிடும். எதற்கு வீண் தபால் செலவு? இருவருமே போடுவதில்லை. எழுதி ஒட்டியிருந்த கவர்கள் டைப்பிஸ்ட் பத்மநாதன் பொறுப்பில்.

"அமெரிக்காவையே டிராயருக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்களேண்ணே!" என்றான் டிரைவர் கார்மேகம். அவன் ராமநாதபுரம் பக்கத்துக்காரன்.

"பகிடி விடாதை கார்மேகம். மனிசிக்கு விசா எடுக்க இவர் கையெழுத்து வைக்கோணும். வையுங்கோ வையுங்கோ எண்டு அவரைக் கரைச்சல்படுத்திறது அந்த அம்மா. ரெண்டு பேரில ஒராளைப் பகைச்சாலும் சிவகொழுந்து யாழ்ப்பாணத்திலதான்" என்றான் பத்மநாதன், ஊரிலிருக்கும் மனைவியை நினைத்து.

மறுநாளே ஹால்வர்சன் பத்மநாதனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "என் கவரை மட்டும் தபாலில் சேர்த்துவிடு. என் மனைவிக்குத் தெரியக் கூடாது."

பத்மநாதன் மாட்டேன் என்று சொல்லவா முடியும்? சேர்த்தான். பாவம், அந்த அம்மாவை ஏமாற்றிவிட்டோமே என்று அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பத்மன், என்னுடையதை எப்படியாவது அனுப்பிவிடேன். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே!"

பத்மநாதனுக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. வெயிலையும் பாராமல் ஓடிப்போய் அதையும் சேர்த்தான். பிறகு அந்தக் காலி இழுப்பறையை ஒரு மாதம் பயபக்தியோடு பூட்டியே வைத்திருந்தான்.

நவம்பர் ஏழாம் தேதி காலை. ஹால்வர்சனின் அறையில் ரேடியோ கரகரத்துக்கொண்டிருந்தது. மாநிலம் மாநிலமாக அவருடைய ஜனாதிபதியே ஜெயித்துக்கொண்டு வந்தார். ஆனால் மனிதர் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவரு கட்சிதான் ஜெயிச்சாச்சே, இன்னும் எதுக்கு ரேடியோவக் கட்டிக்கிட்டு அழுவுறாரு?" என்று வெளியே கார்மேகம் கேட்டான்.

"அங்க ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனியா எண்ணுவினம். கூட எடுத்தவருக்கு அந்த மாநிலம் முழுக்கச் சொந்தம். நாப்பத்தொன்பது விழுந்திட்டுது. இவையின்ர மாநிலம் ஒண்டுதான் இழுபறி."

சொல்லி வாய் மூடவில்லை. மின்னசோட்டா மட்டும் எதிர்த்து நின்றவருக்கு என்று ரேடியோ சொன்னது. அதுவும் சில ஆயிரம் ஓட்டில். அறைக்குள் ஹால்வர்சன் மேசையை ஓங்கிக் குத்தினார். தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது.

"போச்சு! சொந்த மாநிலம் கைவிட்டிட்டுது எண்டு மனுசனுக்குக் கோபம். இண்டைக்கு விசாக் கடிதத்தை நீட்டேலாது" என்று பத்மநாதன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

சிறிது நேரத்தில் மிஸஸ் ஹால்வர்சன் கையில் கேக்கோடு வந்து பத்மநாதனையும் அறைக்குள் கூட்டிப்போனார். ஐம்பதில் நாற்பத்தொன்பது போன துக்கம் முகத்தில் துளியும் இல்லை. "எங்கள் ஊர் தலைகுனியவில்லை!" என்று கேக்கை வெட்டினார். சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டது. "நான் போட்ட ஓட்டு வீண்போகவில்லை!"

ஹால்வர்சன் திறந்த கதவு வழியே பத்மநாதனின் இழுப்பறையைப் பார்த்தார். அந்த அம்மா பத்மநாதனைப் பார்த்தார். பத்மநாதன் தன் செருப்பைப் பார்த்தான்.

"பத்மன்மேல் கோபப்படாதீர்கள். நான்தான் கெஞ்சிக் கேட்டேன்" என்றார் அந்த அம்மா.

"கோபப்பட எனக்கு ஏது யோக்கியதை?" ஹால்வர்சன் தலையைச் சொறிந்தார். "என்னுடையதும் பூட்டிய மறுநாளே போய்விட்டது."

அந்த அம்மா விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்படியானால் ஒன்றை ஒன்று அடித்துத்தானே போயிருக்கும்! நாம் இருவரும் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்!" புருஷன் வாயில் ஒரு துண்டு கேக்கைத் திணித்தார். "முதலில் இந்தப் பையனின் விசாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். பாவம், நம்மால் ஒரு மாதமாகச் செத்துப் பிழைத்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்மநாதன் மடித்த தாளை எடுத்து நீட்டினான். ஹால்வர்சன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டார். பத்மநாதனுக்குக் கண் கலங்கியது. சிவகொழுந்துக்கு இன்றைக்கே கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான்.

"பத்மன்!"

அவர் எழுந்து வந்து, மனைவி படியிறங்கிவிட்டாரா என்று எட்டிப் பார்த்தார். பிறகு அவன் காதருகே குனிந்தார்.

"நானும் எங்கள் ஊர்க்காரருக்குத்தான் போட்டேன்."